வேம் வேறு, டிரைக்கோடெர்மா வேறு

உரக்கடை அலமாரியில் வேம் (VAM), டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் எல்லாம் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும். எல்லாமே பொடி. பாக்கெட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. எதை எதற்குப் போடுவது என்று கேட்டால், "எல்லாம் உயிர் உரம்தாங்க, ஒண்ணா எருவுல கலந்து போட்டுவிடுங்க" என்று பதில் வரும். வாங்கிப் போட்டவர்களில் சிலர் "பிரமாதம்" என்பார்கள், சிலர் "காசுக்குப் பிடித்த கேடு" என்பார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. போட்ட பொருளின் வேலை என்ன என்பது தெரியாமல் போட்டால் பலன் அப்படித்தான் முன்னே பின்னே இருக்கும்.

முதலில் இரண்டைக் கழித்துவிடலாம். சூடோமோனாஸும் அசோஸ்பைரில்லமும் பூஞ்சையே அல்ல, பாக்டீரியா. இந்தக் கட்டுரையில் அவற்றுக்கு வேலை இல்லை. மிச்சமிருக்கும் வேமும் டிரைக்கோடெர்மாவும்தான் பூஞ்சைகள். இரண்டும் செடிக்கு நல்லது செய்பவை, ஆனால் செய்யும் தொழில் வேறு. ஒன்று வேருக்குள் குடியிருந்து சத்து கொண்டுவருகிறது. மற்றொன்று மண்ணில் இருந்துகொண்டு நோய்ப் பூஞ்சைகளோடு சண்டை போடுகிறது. நம் நாட்டுச் சட்டமே இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது: வேம் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகிறது, டிரைக்கோடெர்மா பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாகிறது. கடைத் தட்டில் மட்டும்தான் இரண்டும் ஒன்று.

வேருக்கு எட்டாத மணிச்சத்து

வேமைப் புரிந்துகொள்ள மணிச்சத்தின் (பாஸ்பரஸின்) குணத்திலிருந்து தொடங்க வேண்டும். தழைச்சத்து தண்ணீரோடு ஓடிவந்து வேரைத் தொடும். மணிச்சத்து அப்படி நகராது. செம்மண்ணாக இருந்தால் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் கால்சியத்தோடு. கரைசலில் இருக்கும் கொஞ்சமும் மிக மெதுவாகவே ஊர்ந்து வரும். அதனால் வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருக்கும் மணிச்சத்தைச் சீக்கிரமே காலிசெய்துவிடுகிறது. அதற்கு அப்பால் மண்ணில் நிறைய இருக்கும், எட்டாது.

முளைக்குச்சியில் கட்டிப்போட்ட ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு எட்டும் வட்டத்துக்குள் புல்லை மொட்டையடித்துவிட்டு, வட்டத்துக்கு வெளியே முழங்கால் உயரப் புல்லைப் பார்த்துக்கொண்டு பசியோடு நிற்கும். அதன் பிரச்சினை புல் இல்லாதது அல்ல, கயிறு. வயலில் மண் பரிசோதனை அட்டை மணிச்சத்து போதுமான அளவு என்று காட்டும்போதும் சில பயிர்கள் மணிச்சத்துப் பற்றாக்குறையோடு நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளியே போய்ப் புல் அறுத்து வந்து போடுகிற ஆள்தான் வேம். வேளாண் துறையினர் எழுதும்போது வேர் உட்பூசணம் என்பார்கள். அந்த ஆள் சும்மா வருவதில்லை, கூலி உண்டு.

கூலியும் வேலையும்

மணிச்சத்துக்குத் தவிக்கும் வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளை மண்ணில் கசியவிடுகிறது. இது வேர், பூஞ்சைக்கு அனுப்பும் அழைப்பு. பூஞ்சையை இது தூண்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, இந்தப் பொருளை அறிவியல் வேறொரு வழியாக 1960-களிலேயே அறிந்திருந்தது. சோளக்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களையின் விதை, இந்த வாசத்தை முகர்ந்துதான் "பக்கத்தில் வேர் இருக்கிறது" என்று முளைக்கிறது. நண்பனைக் கூப்பிடுகிற குரலைத் திருடனும் ஒட்டுக்கேட்கிறான்! செடி ஏன் திருடனுக்கும் கேட்கும்படி கூப்பிட வேண்டும் என்ற புதிருக்கு 2005-இல்தான் விடை கிடைத்தது.

அழைப்பு கேட்ட பூஞ்சை, வேரை நோக்கி இழையை நீட்டுகிறது. இழை என்பது பூஞ்சையின் உடலே. தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். வேரின் தோலைத் துளைத்து உள்ளே போய், வேரின் செல்லுக்குள் குட்டிமரம் போலக் கிளைகிளையாகப் பிரிகிறது. இந்த அமைப்புக்குப் பெயர் ஆர்பஸ்கியூல். செல்லுக்குள் போனாலும் செல்லின் சவ்வை அது கிழிப்பதில்லை. கையுறைக்குள் விரல் போவதைப் போல, சவ்வு ஒவ்வொரு கிளையையும் மெல்லிதாகச் சுற்றிக்கொள்கிறது. அந்தச் சவ்வின் வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். ஒரு ஆர்பஸ்கியூல் சில நாள்தான் உயிரோடு இருக்கும், அப்புறம் செடியே அதைச் செரித்துவிட்டு அடுத்ததற்கு இடம் கொடுக்கும். அவ்வளவு நெருக்கமான உறவு, அவ்வளவு கறாரும்கூட.

வேருக்கு வெளியே அதே பூஞ்சையின் இழைகள் பல சென்டிமீட்டர் தூரம் மண்ணுக்குள் பரவுகின்றன. வேர்த்தூவி நுழைய முடியாத சந்துகளிலும் நுழைகின்றன. அங்கிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் உறிஞ்சி உள்ளே கொண்டுவருகின்றன. பதிலுக்குச் செடி, இலையில் தயாரித்த சர்க்கரையையும் கொழுப்பையும் தருகிறது. ஒளிச்சேர்க்கையில் செடி சம்பாதிக்கும் கரிமத்தில் 4 முதல் 20 சதவீதம்வரை இந்தப் பூஞ்சைக்குப் போகிறது என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கூலி சின்னத் தொகை அல்ல.

இது நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறையில் சுமார் 40 கோடி ஆண்டு பழைய செடிகள் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் தண்டுத் திசுவிலேயே ஆர்பஸ்கியூல் இருக்கிறது. செடிகளுக்கு வேர் என்ற உறுப்பே சரியாக உருவாகாத காலம் அது. இன்றைக்கும் தரையில் வளரும் செடியினங்களில் பத்தில் ஏழுக்கு மேல் இந்தக் கூட்டாளி உண்டு.

இதுவரை சொன்னதன் சாரம்: வேம் உரம் அல்ல, சத்தை உற்பத்தி செய்வதும் இல்லை. மண்ணில் ஏற்கெனவே இருப்பதை, வேருக்கு எட்டாத இடத்திலிருந்து எடுத்துவந்து கொடுக்கிறது. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் என்பது தவறு, அது ரைசோபியம் போன்ற பாக்டீரியாவின் வேலை. ஒட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைப்பது பாஸ்போபாக்டீரியாவின் வேலை. வேமின் வேலை சுமந்து வருவது.

சூப்பர் பாஸ்பேட் கொட்டினால் என்ன ஆகும்?

ஆட்டின் காலடியிலேயே தீவனத்தைக் கொட்டிவிட்டால் புல் அறுக்கிற ஆளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் வேர், ஸ்ட்ரைகோலாக்டோனைக் குறைத்துவிடுகிறது, பூஞ்சையை உள்ளே விடவும் தயங்குகிறது. "வேமும் போட்டேன், மணிச்சத்து உரமான டிஏபியும் மூட்டை மூட்டையாகப் போட்டேன், வித்தியாசமே தெரியவில்லை" என்பவர்களுக்கு விடை இதுதான். இரண்டில் ஒன்று வீண். மணிச்சத்து உரத்தையே நிறுத்திவிடச் சொல்லவில்லை. மண் பரிசோதனை பார்த்து அளவாகப் போட்டால் போதும்.

எல்லாப் பயிரும் இந்தக் கூட்டுக்கு வராது என்பது அடுத்த சிக்கல். முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவை இந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்வதில்லை. பீட்ரூட், பாலக், முளைக்கீரை வகையறாவும் பெரும்பாலும் அப்படித்தான். ஊட்டிப் பக்கம் முட்டைக்கோஸுக்கு வேம் வாங்கிப் போடுவது காசைக் குப்பையில் போடுவதற்குச் சமம். அதே தோட்டத்துக் கேரட், உருளை, பீன்ஸ் எல்லாம் வேமைச் சேர்த்துக்கொள்ளும். நெல் சேர்த்துக்கொள்ளும் பயிர்தான், ஆனால் தண்ணீர் கட்டிய சேற்றில் பூஞ்சைக்குக் காற்று போதாது. புழுதியில் விதைக்கும் மானாவாரி நெல்லின் கதை வேறு.

வேமை மிகவும் நம்பியிருக்கும் பயிர்கள் என்று சொல்ல வேண்டுமானால் மரவள்ளியும் வெங்காயமும் முன்வரிசை. இரண்டுக்கும் வேர்த்தூவி குறைவு, அதாவது கயிறு குட்டை. மரவள்ளியைப் பற்றி கொலம்பியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையத்தில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. பூஞ்சையை நீக்கிய மண்ணில் மரவள்ளி வளரவே திணறும். சேலம், நாமக்கல் மரவள்ளிக்காரர்களும் திண்டுக்கல், பெரம்பலூர் சின்ன வெங்காயக்காரர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறதா?

இருக்கும், பெரும்பாலும். கடைக்காரர் சொல்லாத சங்கதி இது. வருடம் முழுக்க ஏதாவது பயிர் நிற்கிற, அதிகம் கிளறாத, தொழு உரம் போடுகிற மண்ணில் இந்தப் பூஞ்சை தானாகவே வாழ்கிறது. அங்கே பாக்கெட் வாங்கிப் போட்டுப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

எங்கே இல்லாமல் போகிறது? உயிருள்ள வேர் இல்லாவிட்டால் இந்தப் பூஞ்சை வளராது. விதை போன்ற நுண்ணிய வித்தாகக் கொஞ்ச காலம் காத்திருக்கும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மழைநீரைச் சேமிக்க நிலத்தை ஒரு வருடத்துக்கு மேல் வெறும் தரிசாக, ஒரு களைகூட இல்லாமல் போட்டுவைப்பார்கள். அப்புறம் விதைத்த பயிர் மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாததுபோல வெளிறிக் குட்டையாக நின்றது. மண்ணில் சத்து இருந்தது. இல்லாமல் போனது வேர்ப் பூஞ்சை என்பதை 1980-களில்தான் உறுதிப்படுத்தினார்கள்.

நம் ஊரில் பூஞ்சை இல்லாத இடங்கள் என்றால் முதலில் குழித்தட்டைச் சொல்ல வேண்டும். தென்னைநார்க் கழிவில் வளர்த்த மிளகாய், தக்காளி நாற்றுக்கு வேர்ப் பூஞ்சை எங்கிருந்து வரும்? திசு வளர்ப்பு வாழைக்கன்று இன்னும் மோசம். அது கண்ணாடிக் குடுவைக்குள் கிருமியே இல்லாமல் வளர்ந்து வந்தது. மேல்மண் அரித்துப்போன சரிவு, மண் தோண்டிய குழி, கிருமி சாகப் பாலித்தீன் தாள் மூடி வெயிலில் சூடேற்றிய நாற்றங்கால் எல்லாம் இந்த வரிசைதான். வேம் பாக்கெட்டுக்குச் செலவழிப்பதானால் இந்த இடங்களில் செலவழிக்கலாம்.

எப்படிப் போடுவது

ஒரே விதிதான்: வேர் தொட வேண்டும். மேலாகத் தூவிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் அது பாதிக்கு மேல் வெயிலில் வீணாகும். வேரைச் சந்திக்காத வித்து முளைத்து, கொஞ்ச தூரம் இழை நீட்டிப் பார்த்துவிட்டு அடங்கிவிடும். நாற்றங்காலில் விதைக்கு 2 முதல் 3 செ.மீ. கீழே பரப்பி, மேலே மண் மூடி விதைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் போதும். பாலித்தீன் பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம், குழியில் நடும் கன்றுக்கு 20 கிராம், வேருக்கு அடியில். நாற்றங்காலிலேயே கொடுத்துவிட்டால் செலவும் குறைவு, நடும்போது பூஞ்சை வேரோடு சேர்ந்தே வயலுக்குப் போய்விடும்.

வேர் இல்லாமல் வேமைச் சோதனைக்கூடத் தட்டிலோ வெல்லப்பாகிலோ பெருக்க முடியாது. இதை வீட்டில் பெருக்கித் தருவதாகச் சர்க்கரைக் கரைசல் செய்முறை சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். வேர் இருந்தால்தான் பெருகும் என்பதால் பண்ணையில் செய்யும் முறை இப்படி: ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்து, கருப்புப் பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் (மினுமினுக்கும் லேசான கனிமத் துகள்) 5 கிலோ கிருமிநீக்கிய மண்ணும் நிரப்பி, தாய்வேம் ஒரு கிலோவை மேலிருந்து சில சென்டிமீட்டர் கீழே இட்டு, மக்காச்சோளம் விதைப்பார்கள். 60 நாளில் தண்டை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அதே வெர்மிகுலைட்டோடு கலந்தால் அதுதான் வேம். கடையில் வாங்கும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் சிலவற்றில் மினுமினுக்கும் துகளும் நூல்போன்ற வேர்த்துண்டும் தெரிவது இதனால்.

டிரைக்கோடெர்மா: காவல்காரன்

இப்போது அடுத்த ஆளுக்கு வரலாம். டிரைக்கோடெர்மாவுக்கு வேர் அவசியமில்லை. மக்கும் பொருள் எது கிடைத்தாலும் அதில் வளரும். டால்க் பொடியில் கலந்து பாக்கெட்டில் விற்க முடிவதும், தொழு உரத்தில் பெருக்க முடிவதும் அதனால்தான்.

இதன் தொழில் வேட்டை. நாற்றழுகல், வேரழுகல், வாடல் நோய் இவற்றையெல்லாம் உண்டாக்குவது மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பூஞ்சையைப் போன்ற உயிரிகளும்தான். அவற்றில் ஒன்றான ரைசாக்டோனியாவின் இழையை டிரைக்கோடெர்மா சந்தித்தால், அதன்மேல் கொடி சுற்றுவதுபோல வளையம் வளையமாகச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய இடத்தில் என்சைம்களைச் சுரக்கும். பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். அது கரைந்து துளை விழும். உள்ளிருப்பதை டிரைக்கோடெர்மா உறிஞ்சிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் சுற்றிய இழையை நீக்கிய இடத்தில் வரிசையாகத் தழும்பு தெரியும். பூஞ்சையைப் பூஞ்சையே தின்னும் இந்தப் பழக்கத்தை 1932-இல் வெயின்ட்லிங் என்ற ஆய்வாளர் விவரித்தார். இது போக, வேரின் மேற்பரப்பில் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்வதும், செடியின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவைப்பதும் இதன் வேலைகள்.

இவ்வளவு நல்லவன் என்று காளான் பண்ணைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார். காளான் படுக்கையில் பச்சையாகப் படர்ந்து முழு ஈட்டையும் நாசமாக்கும் பச்சைப் பூஞ்சை இந்த டிரைக்கோடெர்மா குடும்பம்தான். நன்மை செய்யும் பூஞ்சை என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம். மண்ணில் இடுவதற்கு எக்டருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து தூவலாம். நேரம் இருந்தால் அந்தக் கலவையை லேசாக ஈரப்படுத்தி, நிழலில் ஈரச்சாக்கு மூடி பத்துப் பதினைந்து நாள் வைத்திருங்கள். வெள்ளையாகப் படர்ந்து பச்சைக்குத் திரும்பியிருக்கும். பாக்கெட்டில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது பதிவு விதி. எண்ணிக்கையையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்கக் காய்ந்த பாக்கெட்டில் டால்க் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, செடி வாடித் தொங்கிய பிறகு டிரைக்கோடெர்மாவைக் கரைத்து ஊற்றுவது. நோய் தண்டுக்குள் ஏறிவிட்டால் மண்ணில் நிற்கும் காவல்காரனால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்துச் செடியை வேண்டுமானால் காப்பாற்றலாம். இன்னொன்று, கார்பென்டாசிமில் விதை நேர்த்தி செய்துவிட்டு அதன்மேலேயே டிரைக்கோடெர்மாவையும் பூசுவது. பூசணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் கிடையாது. வேருக்குக் கார்பென்டாசிம் ஊற்றினால் வேமும் அடிவாங்கும்.

ஆக, வேம் வேருக்கு அடியில், நாற்றங்காலிலேயே, மணிச்சத்து உரத்தை அளவாக வைத்துக்கொண்டு. டிரைக்கோடெர்மா விதையிலும் எருவிலும், நோய் வருமுன், பூசணக்கொல்லி இல்லாமல். ஒரே பயிருக்கு இரண்டையும் கொடுக்கத் தடையில்லை, ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

வெள்ளை இழையும் பேசும் மரங்களும்

மூடாக்கை விலக்கிப் பார்த்து, வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருப்பதைப் படமெடுத்து "எங்கள் தோட்டத்தில் வேம்" என்று பலர் மகிழ்கிறார்கள். மகிழ வேண்டிய காட்சிதான், ஆனால் அது வேம் அல்ல. இலைதழையை மக்கவைக்கும் பூஞ்சைகள் அவை. வேம் வேருக்குள் இருக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து நிறத்தை நீக்கி, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும்.

வேருக்கு மேலே உறை போட்டுக்கொள்ளும் வேறொரு வகை வேர்ப் பூஞ்சையும் உண்டு. பைன், ஓக் போன்ற மரங்களுக்கு உரியது. பைன் மரத்தடியில் மழைக்காலத்தில் முளைக்கும் காளான்களில் பல அதன் கனி. 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் முதலில் விவரித்ததும் இந்த வகையைத்தான். பிரஷ்ய அரசு அவரை ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானைப் பயிரிட வழி கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தது. ட்ரஃபிள் சாகுபடி கைகூடவில்லை, அதைவிடப் பெரிய விஷயம் கிடைத்தது. மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைமரத்துக்கு ஊட்டுகிறது என்ற பேச்சும் இந்த வகையைச் சுற்றி எழுந்ததே. 1997-இல் கனடாவில் பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கரிமம் போய்வருவதை அளந்த ஆய்வு அதன் தொடக்கம். அந்த ஆய்விலிருந்து மக்கள் கட்டிய கதை ஆதாரத்தைத் தாண்டி ஓடிவிட்டது என்று இதே துறையினர் மூவர் 2023-இல் விரிவாக எழுதினார்கள். உங்கள் தக்காளியும் மிளகாயும் பேசிக்கொள்கின்றன என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

வேலை செய்ததா?

வேருக்குள் பூஞ்சை நன்றாகக் குடியேற மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் செடியைப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டக்கூடாது. எல்லா நாற்றுக்கும் போட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது என்பதால், குழித்தட்டில் இரண்டு தட்டுக்கு மட்டும் வேம் போடாமல், தண்ணீரும் மற்ற உரமும் ஒன்றாகவே கொடுத்து, அடையாளக் குச்சி குத்தி அதே வயலில் நடுங்கள். கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை என்று பிரித்து நட்டால் வரப்போர வளம் ஏமாற்றாது. நட்டு ஆறு வாரம் கழித்து இலை நிறம், உயரம், முதல் பூ வந்த நாள் மூன்றையும் குறித்துவையுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் மண்ணில் பூஞ்சை ஏற்கெனவே இருக்கிறது, அல்லது மணிச்சத்து அதிகம், அல்லது பாக்கெட் செத்தது. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து வரியைப் பாருங்கள். அதிகம் என்று போட்டிருந்தால் அடுத்த போகத்துக்கு டிஏபியைக் குறைத்துவிட்டு மறுபடி இரண்டு தட்டு வைத்துப் பார்க்கலாம்.